முதற்போட்டிக்கு முன்னால்...



அஸ்லம் கூட்டத்தார் இரு அணிகளாகப் பிரிந்து அம்பெய்யும் போட்டியில் ஈடுபட்டிருந்த வழியே அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சென்றார்கள். அவர்களை ஊக்குவித்து, தாம் ஓர் அணியாருடன் இருப்பதாகவும் கூறினார்கள். உடனே மறு அணியார் எய்வதை நிறுத்திவிட்டனர். பெருமானார் எதிரணியில் இருக்க, நாங்கள் எவ்வாறு எய்வோம் என்று அவர்கள் கேட்கவே, தாம் அனைவருடனும் இருப்பதாகச் சொல்லி அண்ணலார் போட்டியைத் தொடரச் செய்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் காணக்கிடைக்கும் செய்தி இது.

ஒன்றைக் கவனியுங்கள். அந்த வில்லாளர்களின் கையை நிறுத்தியது வலுக்குறைவு அன்று, உள்ளம். முதன்முறையாகப் பெரும் போட்டியொன்றுக்குச் செல்லும் துப்பாக்கி சுடும் வீரருக்கும் இதுவே நேர்கிறது.

இன்று நம் பிள்ளைகள் எளிதில் அணுகக்கூடியது 10 மீட்டர் ஏர் பிஸ்டல் போட்டியாகும். ஒற்றைக் கையால் பிடித்து, 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டால், 11.5 மில்லிமீட்டர் விட்டமே உள்ள பத்துப் புள்ளி வட்டத்தைச் சுட வேண்டும். 75 நிமிடங்களில் 60 குண்டுகள். உச்சப் புள்ளி 600. 2018 முதல் பெண்களுக்கும் இதே எண்ணிக்கைதான்.

அதே 2018 மார்ச் மாதம், மெக்சிகோவின் குவாதலஹாரா நகரில் உலகக் கோப்பைப் போட்டி நடைபெற்றது. இந்திய விமானப் படையைச் சேர்ந்த மீரட் பகுதி இளைஞர் ஷாஸர் ரிஸ்விக்கு அதுவே முதல் உலகக் கோப்பை. இறுதிச் சுற்றில் அவரோடு நின்றவர்களில் ஒருவர், ரியோ ஒலிம்பிக்கில் தங்கம் வென்றிருந்த ஜெர்மானியர் கிறிஸ்டியன் ரைட்ஸ். ரிஸ்வி 242.3 புள்ளிகள் பெற்று, அன்றைய உலகச் சாதனையுடன் தங்கம் வென்றார். அதே களத்தில், தம் முதல் உலகக் கோப்பையில், 16 வயது மனு பாக்கரும் தங்கம் வென்றார்.

ஆனால் மனு பாக்கரின் முதல் ஒலிம்பிக் வேறு விதமாக அமைந்தது. 2021 ஜூலையில் டோக்கியோவில் தகுதிச் சுற்றின் நடுவே அவருடைய கைத்துப்பாக்கி பழுதாயிற்று. சரிசெய்து திரும்புவதற்குள் கால் மணி நேரத்துக்கும் மேல் கரைந்துவிட்டது. 575 புள்ளிகள், 12ஆம் இடம், இரண்டே புள்ளிகளில் இறுதிச் சுற்று நழுவியது. 2024 ஜூலை 28 அன்று பாரிஸில் அவர் வெண்கலம் வென்றபோது, டோக்கியோவின் கண்ணீரை எல்லோரும் நினைவுகூர்ந்தனர்.

ஆகவே பழுதுக்கும் பயிற்சி வேண்டும். பயிற்சி நாளொன்றில், சொல்லாமல் கொள்ளாமல் பிள்ளையைப் பாதியில் நிறுத்திப் பத்து நிமிடம் காக்க வைத்து, மீண்டும் சுடச் சொல்லுங்கள். கடிகாரத்தை மட்டும் நிறுத்தாதீர்கள். சிறிது கொடுமைதான், ஆனால் களத்தில் நேர்வதைவிட வீட்டில் நேர்வது மேல்.

நீலகிரியின் குந்தா வட்டத்தில், தேயிலைச் சரிவுகளுக்கிடையே உள்ள பிக்கட்டி போன்ற ஊரிலிருந்து இது ஆகுமா என்று கேட்பீர்கள். சுடுதளத்துக்கு மலையிறங்கித்தான் செல்ல வேண்டியிருக்கும். ஆயினும் இக்கலையின் பெரும்பகுதியை, மழையும் மூடுபனியும் கதவடைக்கும் நாளிலும், வீட்டின் வெள்ளைச் சுவரெதிரே பழகலாம். குண்டில்லாத துப்பாக்கியை உயர்த்தி, குறிமுள் அசையாதவாறு விசையை மெல்ல அழுத்திப் பழகுவதே அது. இலக்கு மங்கலாகத் தெரியட்டும். பார்வை குறிமுள்ளின்மீதே நிலைக்க வேண்டும். குறிமுள் இம்மியளவு சாய்ந்தாலும் பத்து மீட்டரில் அது பெரும் பிழையாகிவிடும். எட்டுப் பத்து விநாடிக்குள் விசை விழாவிட்டால், கையைத் தாழ்த்தி மூச்சு வாங்கி மீண்டும் தொடங்க வேண்டும். 75 நிமிடத்தை 60ஆல் வகுத்துப் பாருங்கள். ஒவ்வொரு குண்டுக்கும் 75 விநாடி இருக்கிறது. இந்தக் கணக்கு மனத்தில் பதிந்த பிள்ளை பதறுவதில்லை. தொழுகையில் அசையாது நிற்கப் பழகிய பிள்ளைக்கு நிற்பதும் புதிதன்று.

துப்பாக்கி என்ற சொல்லைக் கேட்டதும், அக்கம்பக்கத்தார் என்ன நினைப்பார்களோ என்று நம் வீடுகளில் தயக்கம் எழுவது இயல்பே. அதற்கு மருந்து மறைப்பதன்று, ஒழுங்கு. அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் வழியாகவே சேருங்கள்; ஆவணங்களைச் சரியாக வைத்திருங்கள்; பயிற்சி முடிந்ததும் துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். விளையாட்டுக்காகக் கூட ஒரு சகோதரரை நோக்கி ஆயுதத்தைக் காட்டக்கூடாது என்பது நபிமொழி. துப்பாக்கி முனை எப்போதும் இலக்கை நோக்கியே இருக்க வேண்டும் என்பது சுடுதளத்தின் முதல் விதி. இரண்டையும் சேர்த்தே கற்பியுங்கள்.

மகள் விரும்பினால்? ஈரானின் ஹனியா ரொஸ்தமியான் தலையை மறைத்த உடையுடனேயே டோக்கியோ ஒலிம்பிக்கில் கைத்துப்பாக்கிப் போட்டிகளில் கலந்துகொண்டார். தொடக்க விழாவில் தம் நாட்டுக் கொடியை ஏந்தியவர்களுள் அவரும் ஒருவர்.

போட்டிக்கு ஒரு நாளாவது முன்னதாகச் செல்லுங்கள். மலை வளைவுகளில் பேருந்தில் குலுங்கி வந்தவர் அன்றே நேராக நிற்பது அரிது. குளிரில் பழகிய உள்ளங்கை சமவெளி வெயிலில் வியர்த்துப் பிடி வழுக்கும். கைத்துண்டு ஒன்று வேண்டும். விசையின் இழுவை 500 கிராமுக்குக் குறையக்கூடாது, துப்பாக்கியின் எடை 1500 கிராமை மிஞ்சக்கூடாது என்பதைச் சோதனை அலுவலர்கள் அளந்து பார்ப்பர். காற்று உருளையின் காலக்கெடு முடிந்திருக்கிறதா என்பதையும் ஊரிலேயே பார்த்துவிடுங்கள். புதிய காலணி, புதிய பிடி, எவரோ கடைசி நேரத்தில் சொன்ன புதிய உத்தி எதுவும் அன்று வேண்டா. தம் சுற்றின் நேரத்தை முன்னரே கேட்டறிந்து, தொழுகை நேரத்தையும் அதற்கேற்ப வகுத்துக்கொள்ளட்டும்.

களத்தில் முதல் 15 நிமிடங்கள் ஆயத்தத்துக்கும் சோதனைக் குண்டுகளுக்கும் உரியவை. அவற்றின் புள்ளிகள் கணக்கில் சேரா. அக்கம்பக்கத்துத் திரைகளைப் பார்க்கும் ஆசை அப்போதுதான் தலைதூக்கும். அதை அடக்கப் பிள்ளையிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வேலை உண்டு. துருக்கியின் யூசுப் திகேச், காற்சட்டைப் பையில் ஒரு கையை இட்டவாறு சுட்டு 2024இல் வெள்ளி வென்றதைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். அவர் முதன்முதலில் ஒலிம்பிக் சென்றது 2008இல். பதக்கம் கிடைத்ததோ ஐந்தாவது ஒலிம்பிக்கில். ஆகவே மாலையில் தொலைபேசியில் பேசும்போது “எத்தனை புள்ளி?” என்று தொடங்காதீர்கள். “லுஹர் தொழுதாயா, சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். புள்ளியைப் பிள்ளையே சொல்லும்.