சிங்கப்பூரில் சொந்த வீடு: அடுக்குமாடியா, கண்டோவா, தனி வீடா? ஊர்ச் சொத்தை விற்கும் முன் கார்டைப் பாருங்க!

புதுக்கோட்டை:

புதுக்கோட்டை, தஞ்சை, சிவகங்கை மாவட்டங்களில் சிங்கப்பூரில் ஆள் இல்லாத ஊரைத் தேடித்தான் கண்டுபிடிக்கணும். சம்பாதிக்கப் போனவர்களில் சிலர் குடும்பத்தோடு அங்கேயே தங்கி விடுகிறார்கள். அடுத்து வருவது சொந்த வீட்டுப் பேச்சு. "வாடகை கொடுத்தே காசு கரையுது. ஊர்ல சும்மா கெடக்குற இடத்தை வித்து அனுப்புங்கப்பா" என்று போன் வந்ததும் பெற்றோர் பீரோவைத் திறந்து பத்திரத்தை எடுத்து விடுகிறார்கள்.

கொஞ்சம் பொறுங்க. அங்கே வீடு வாங்குவதை முடிவு செய்வது பணம் மட்டும் இல்லை. மகன் கையில் இருக்கும் அடையாள கார்டு எந்த ரகம் என்பதுதான் முதல் கேள்வி.

மூணு வகை வீடு

முதல் வகை, அரசு கட்டும் அடுக்குமாடி வீடு. 1960-ல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டுவது. 'எச்.டி.பி.' என்றால்தான் எல்லாருக்கும் தெரியும். சிங்கப்பூர் மக்களில் முக்கால்வாசிப் பேருக்கும் மேல் இதில்தான் குடியிருக்கிறார்கள். 99 வருஷ குத்தகையில்தான் கிடைக்கும்.

இரண்டாவது, கண்டோமினியம். தனியார் கட்டுவது. நீச்சல் குளம், உடற்பயிற்சிக் கூடம், வாசலில் செக்யூரிட்டி எல்லாம் இருக்கும். அதற்கெல்லாம் சேர்த்து மாதாமாதம் பராமரிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். 99 வருஷ குத்தகையும் உண்டு, நிரந்தர உரிமையும் உண்டு.

மூன்றாவது, மண்ணோடு சேர்ந்த தனி வீடு. அங்குள்ள தமிழர்கள் 'தரை வீடு' என்பார்கள். இடம் குறைந்த அந்த நாட்டில் இது பெரிய பணக்காரர்கள் சமாச்சாரம்.

யாருக்கு எது?

ஒர்க் பெர்மிட், எஸ் பாஸ், எம்ப்ளாய்மென்ட் பாஸில் இருக்கும் நம்ம ஊர்க்காரர் எச்.டி.பி. வீட்டைத் தன் பெயரில் வாங்க முடியாது. தனி வீட்டுக்கு அரசின் சிறப்பு அனுமதி வேண்டும். பாக்கி இருப்பது கண்டோ மட்டும்.

அதிலும் ஒரு பெரிய அடி காத்திருக்கிறது. 2023 ஏப்ரல் 27 முதல் வெளிநாட்டவர் வீடு வாங்கினால் கூடுதல் முத்திரை வரி 60 சதவீதம். 15 லட்சம் வெள்ளிக்கு கண்டோ வாங்கினால் 9 லட்சம் வெள்ளி வரியாகவே போய்விடும். எல்லாரும் கட்டும் சாதாரண முத்திரை வரி 44 ஆயிரத்து 600 வெள்ளி தனி. அமெரிக்கா, சுவிட்சர்லாந்து போன்ற சில நாட்டுக்காரர்களுக்கு ஒப்பந்தப்படி சலுகை உண்டு. இந்தியருக்குக் கிடையாது.

பி.ஆர். எனப்படும் நிரந்தரவாசி கார்டு வாங்கியவர்களுக்கு கதவு பாதி திறக்கும். முதல் வீட்டுக்கு கூடுதல் வரி 5 சதவீதம்தான். ஆனால் கணவன், மனைவி இருவரும் பி.ஆர். என்றால் அரசிடம் இருந்து புது வீடு கிடைக்காது. ஏற்கனவே ஒருவர் குடியிருந்த எச்.டி.பி. வீட்டைத்தான் வாங்கலாம். அதற்கும் பி.ஆர். கிடைத்து 3 வருஷம் ஆகியிருக்க வேண்டும். தனியாளாக இருக்கும் பி.ஆர். வாங்க முடியாது.

குடியுரிமை பெற்றவர்களுக்கு முதல் வீட்டுக்கு கூடுதல் வரியே இல்லை. வருமான வரம்புக்குள் இருந்தால் அரசின் புது வீட்டுக்கும் விண்ணப்பிக்கலாம். ஒருவர் குடிமகன், மற்றவர் பி.ஆர். என்றாலும் புது வீடு உண்டு. ஆனால் 10 ஆயிரம் வெள்ளி கூடுதலாகக் கட்ட வேண்டும்.

கையில் எவ்வளவு வேணும்?

இருவரும் பி.ஆர். ஆன ஒரு குடும்பம் 6 லட்சம் வெள்ளிக்கு பழைய எச்.டி.பி. வீடு வாங்குவதாக வைத்துக்கொள்வோம். வங்கிக் கடன் அதிகபட்சம் 75 சதவீதம், அதாவது நாலரை லட்சம். மீதி ஒன்றரை லட்சம் சொந்தப் பணம். அதில் குறைந்தது 30 ஆயிரத்தை ரொக்கமாகவே கட்ட வேண்டும். மற்றதை மத்திய சேம நிதியில் சேர்ந்த பணத்தில் இருந்து எடுக்கலாம். கூடுதல் வரி 30 ஆயிரம், சாதாரண முத்திரை வரி 12 ஆயிரத்து 600 வெள்ளி.

ஊர் வீட்டுக்கு வரும் சிக்கல்

இதுதான் பலருக்கும் கடைசி நேரத்தில் தெரிய வரும் விஷயம். எச்.டி.பி. வீடு வாங்கும் பி.ஆர்., தன் பெயரில் வேறு குடியிருப்பு வீடு வைத்திருந்தால் 6 மாதத்துக்குள் அதை விட்டுவிட வேண்டும். சிங்கப்பூரில் உள்ள வீடு மட்டும் இல்லை, வெளிநாட்டு வீடும் இதில் அடக்கம். ஆசை ஆசையாய் அறந்தாங்கியிலோ பட்டுக்கோட்டையிலோ கட்டிய மாடி வீடும் கணக்கில் வந்துவிடும்.

அவசரத்தில் அந்த வீட்டை அண்ணன் பெயருக்கோ தம்பி பெயருக்கோ எழுதி வைத்து, பின்னாளில் "என் வீடு" "உன் வீடு" என்று குடும்பத்தில் தகராறு வர இதுவே போதும். எழுதுவதாக இருந்தால் நாலு பேரையும் உட்கார வைத்துப் பேசி முடித்துவிட்டு எழுதுவதுதான் நல்லது.

விற்கும்போதும் கணக்கு உண்டு

எச்.டி.பி. வீடு வாங்கினால் 5 வருஷம் அதில் குடியிருந்தே ஆக வேண்டும். 2024 அக்டோபரில் இருந்து நல்ல இடங்களில் விற்கப்படும் 'பிளஸ்', 'பிரைம்' ரக வீடுகளுக்கு 10 வருஷம். பி.ஆர். உரிமையாளர் அறையை வாடகைக்கு விடலாம், முழு வீட்டையும் விட முடியாது.

எல்லா இனத்தவரும் கலந்து வாழ வேண்டும் என்று 1989-ல் இன ஒதுக்கீடு கொண்டு வந்தார்கள். இந்தியர் மற்றும் பிற இனத்தவர் ஒரு கட்டிடத்தில் 15 சதவீதம், வட்டாரத்தில் 12 சதவீதம்தான் இருக்கலாம். மலேசியர் அல்லாத பி.ஆர். குடும்பங்களுக்கு தனியாக 8 சதவீதம், 5 சதவீதம் என்று வரம்பு. பிடித்த வீடு கிடைத்தாலும் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் வாங்க முடியாது.

விற்கும்போது இது வேறு மாதிரி இடிக்கும். அந்தக் கட்டிடத்தில் சீனர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் இந்தியர் தன் வீட்டை சீனருக்கு விற்க முடியாது. அங்கே பெரும்பாலான மக்கள் சீனர்கள். வாங்க ஆள் குறைந்தால் விலையும் குறையும்தானே! இப்படி மாட்டியவர்கள் வீட்டை கழகமே திரும்ப வாங்கிக்கொள்ளும் உதவி 2022-ல் வந்தது. கண்டோவுக்கு இந்த ஒதுக்கீடு கிடையாது. ஆனால் 2025 ஜூலை 4-க்குப் பிறகு வாங்கிய கண்டோவை 4 வருஷத்துக்குள் விற்றால் 16 முதல் 4 சதவீதம் வரை விற்பனை வரி உண்டு.

99 வருஷம் முடிந்தால் எச்.டி.பி. வீடு திரும்பவும் அரசுக்கே. அதனால் பழைய வீடு மலிவா வருதேன்னு பாய்ந்துவிடக் கூடாது. குத்தகையில் எத்தனை வருஷம் பாக்கி என்று முதலில் கேளுங்க. குடும்பத்தில் வயது குறைந்த உரிமையாளருக்கு 95 வயது ஆகும் வரை குத்தகை ஓடாவிட்டால் சேம நிதிப் பணத்தையும் முழுசா எடுக்க முடியாது.

எது தோது?

பாஸில் இருக்கும் வரை வாடகை வீடே மேல். இருவரும் பி.ஆர்., அங்கேயே பிள்ளைகளைப் படிக்க வைக்கிறோம் என்றால் எச்.டி.பி. கட்டுப்படியாகும். ஊர் வீட்டை விட மனசில்லை, சம்பளமும் தாங்கும் என்றால் கண்டோ.

"சில வருஷத்தில் ஊருக்குத் திரும்பிடுவோம்" என்ற நினைப்பு இருந்தால் இங்கே இருப்பதை விற்காமல் இருப்பதே புத்திசாலித்தனம். விற்ற இடத்தை அதே விலைக்கு யாரும் திருப்பித் தரப் போவதில்லை!