பேர் தெரியாத செடியா? பால் வடிந்தால் உஷார்!

சென்னை நகரில் தள்ளுவண்டியில் செடி வியாபாரம் ஜோராக நடக்கிறது. குட்டித் தொட்டி, குண்டு இலை, முள் உருண்டை என்று ரகம் ரகமாக வருகிறது. "என்ன செடிப்பா இது?" என்று கேட்டால், "ஷோ செடி சார், தெனமும் தண்ணி ஊத்துங்க, போதும்" என்பார்கள். நாமும் வாங்கிப் போய் டி.வி. பக்கத்தில் வைத்துவிடுகிறோம்.

இந்தப் பதிலில் இரண்டு வில்லங்கம் இருக்கிறது. பேர் தெரியாதது ஒன்று. தண்ணீர் இன்னொன்று.

பழைய ஆசாமி

'பென்சில் கேக்டஸ்' என்று ஒன்று விற்கிறார்கள். பச்சைக் குச்சி குச்சியாக இருக்கும். பேர்தான் புதுசு, ஆள் பழைய ஆசாமி. கிராமத்தில் வேலியோரம் நிற்கும் திருகுகள்ளிதான் அது! ஒடித்தால் பால் கொட்டும். கண்ணில் தெறித்தால் தாங்க முடியாத எரிச்சல். பார்வைக்கே ஆபத்து வரலாம். சிவப்புப் பூ பூக்கும் கிறிஸ்து முள் செடியும் இதன் பங்காளிதான்.

அங்க அடையாளம்

அசல் கேக்டஸ் என்றால் முள் முளைக்கும் இடத்தில் பஞ்சு ஒட்டியது போல சின்னத் திட்டு இருக்கும். கள்ளிக்கு அது கிடையாது. உடைந்த இடத்தில் பால் வரும். எந்தச் செடியில் பால் வந்தாலும் வெறுங்கையால் தொடாதீர்கள். கிளை வெட்டும்போது கையுறை போடுங்கள்.

நாக்கு வீங்கும்

அகல இலையில் வெள்ளை தெளித்த மாதிரி இருக்கும் டிஃபன்பாக்கியா இன்னொரு ஆள். கடித்தால் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் துகள்கள் வாயில் குத்தும். நாக்கு வீங்கிப் பேச்சே வராது. அதனால் இங்கிலீஷில் இதற்கு 'டம்ப் கேன்', அதாவது ஊமைத் தண்டு என்று பேர். நம் வீட்டு மணி பிளான்ட்டிலும் இந்தத் துகள்கள் உண்டு. தவழும் குழந்தை உள்ள வீட்டில் இவற்றைத் தரையில் வைக்கவே கூடாது.

தண்ணீரே எமன்

குண்டு இலைச் செடி இலையிலேயே தண்ணீர் சேர்த்து வைத்திருக்கும். தினமும் ஊற்றினால் வேர் அழுகிவிடும். மண்ணில் விரலை விட்டுப் பாருங்கள். நன்றாகக் காய்ந்த பிறகே ஊற்ற வேண்டும். தொட்டியில் ஓட்டை அவசியம். மண்ணோடு மணல் கலக்க வேண்டும். இலை கொழகொழ என்று ஆனால் தண்ணீர் அதிகம், சுருங்கினால் தாகம். தண்டு நெட்டையாக ஓடினால் வெளிச்சம் பத்தவில்லை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் நனையாமல் ஒதுக்கி வையுங்கள்.

பேர் எழுதி வையுங்கள்

கண்ணில் பால் பட்டால் கசக்காதீர்கள். குழாயைத் திறந்து 15 நிமிடம் கழுவிவிட்டு, உடனே கண் டாக்டரிடம் ஓடுங்கள். குழந்தை இலையைக் கடித்துவிட்டால் வாயைத் துடைத்து, அந்த இலையையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

செல்போனில் படம் பிடித்தால் செடியின் பேர் சொல்லும் வசதி இப்போது உண்டு. ஆனால் அது தப்பாகவும் சொல்லும். நர்சரியில் ஒரு தடவை காட்டிக் கேளுங்கள். கேட்ட பேரை ஒரு குச்சியில் எழுதித் தொட்டியில் குத்தி வையுங்கள். ஆபத்து என்று போனால் டாக்டர் கேட்கப் போவது "எந்தச் செடி?" என்றுதான். அப்போது "ஷோ செடி" என்று சொல்லிப் பிரயோசனம் இல்லை!