எதிரி இல்லாத சண்டை

ஆட்டிசக் குழந்தைகளுக்குத் தற்காப்புக் கலை உதவுமா? உதவும் என்கின்றன ஆய்வுகள், சில நிபந்தனைகளோடு.

விஜயதசமியன்று மைசூர் அரண்மனை முற்றத்தில் ஜெட்டி மல்லர்கள் மோதுவதைப் பார்க்கக் கூட்டம் முண்டும். மழித்த தலை, கைமுட்டியில் வஜ்ரமுஷ்டி. முதல் துளி ரத்தம் தெரிந்ததும் மோதல் முடிந்தது. ஊரில் கரடி மனைகளும் உண்டு. (கரடிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மல்லர்களின் பயிற்சிக்கூடம். தமிழிலும் கரடிக்கூடம் என்ற பழைய சொல் இருக்கிறது.)

மல்யுத்தத்துக்கு இத்தனை மரியாதை தரும் இதே ஊரில், மானசகங்கோத்ரியில், 1965இல் தொடங்கப்பட்ட அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம் இருக்கிறது. ‘பிள்ளை இன்னும் பேசவில்லை’ என்ற கவலையோடு இந்த மத்திய அரசு நிறுவனத்துக்கு வரும் பெற்றோரில் சிலர், ஆட்டிசம் என்ற சொல்லோடு வீடு திரும்புகிறார்கள். மதியிறுக்கம் என்று தமிழ்ப்படுத்தியாயிற்று. வாயில் வருவதென்னவோ ஆட்டிசம்தான். பேச்சுப் பயிற்சி ஒரு மணி நேரம். மீதி நேரம்? பிள்ளை கையை உதறுகிறது, முன்னும் பின்னும் ஆடுகிறது, நின்ற இடத்தில் சுற்றுகிறது. பஸ்ஸில் பக்கத்து சீட்காரர் முறைக்கிறார். ‘கராத்தேயில் சேர்த்துப் பாருங்களேன்’ என்று யாராவது சொன்னால், அம்மாவுக்கு முதலில் வருவது பயம். இருக்கிற பிடிவாதம் போதாதென்று அடிக்கவும் கற்றுக்கொடுப்பதா?

இந்த யோசனையை இரானில் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பாத்திமே பஹ்ராமியும் சகாக்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில் 5 முதல் 16 வயது வரையிலான 30 ஆட்டிசக் குழந்தைகள் பங்கேற்றனர். பாதிப் பேருக்கு வாரம் 4 நாள் வீதம் 14 வாரம் ‘கட்டா’ பயிற்சி. மற்றவர்களுக்கு இல்லை. பயிற்சி பெற்றவர்களிடம் கை உதறல் போன்ற திரும்பத் திரும்பச் செய்யும் அசைவுகள் சுமார் 42 சதவீதம் குறைந்தன. பயிற்சியை நிறுத்தி ஒரு மாதம் ஆன பின்பும், தொடக்க நிலையைவிடக் குறைவாகவே இருந்தன.

கட்டாவில் எதிராளி கிடையாது. வகுத்துவைத்த வரிசைப்படி தனியாகச் செய்யும் அசைவுகள் அவை. ஆரம்ப மாணவர்கள் கற்கும் ஹெயன் ஷோடானில் 21 அசைவுகள். திரும்பு, தடு, ஓரடி வை, குத்து. நூறாவது முறையும் அதே வரிசைதான். எதிர்பாராத எதைக் கண்டாலும் மிரளும் பிள்ளைக்கு, அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதே பெரிய நிம்மதி. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்கிறான் என்பதுதானே அவன் மேல் புகார்? அதையே பாடத்திட்டமாக வைத்திருக்கும் கலை அவனுக்குப் பிடித்துப்போவதில் வியப்பென்ன!

அம்மாவின் பயத்தையும் அலட்சியப்படுத்த முடியாது. 1986இல் அமெரிக்காவில் மைக்கேல் ட்ரல்சன், குற்றச்செயல்களில் சிக்கிய இளைஞர்களிடம் ஓர் ஆய்வு நடத்தினார். (இவர்கள் ஆட்டிசம் உள்ளவர்கள் அல்ல.) வணக்கம், தியானம், கட்டுப்பாடு எல்லாம் சேர்த்து மரபு முறையில் டேக்வாண்டோ கற்றவர்களிடம் முரட்டுத்தனம் குறைந்தது. வெறும் சண்டையாகக் கற்றவர்களிடம் கூடியது! எனவே எந்தக் கலை என்பதைவிட, அதில் எதைக் கற்றுத்தருகிறார்கள் என்பதுதான் கேள்வி.

ஆட்டிசக் குழந்தைக்குச் சொல்லித்தரும்போது வகுப்பையே மாற்றியமைக்க வேண்டும். ஜோடி ஜோடியாக மோதவிடுவது கூடாது. ஒரு நாளைக்கு ஓர் அசைவு போதும். நீளமாக விளக்காமல் செய்து காட்ட வேண்டும். சுவரில் படமாகவும் மாட்டலாம். அதே நேரம், அதே இடம், அதே மாஸ்டர். தரையில் ஒட்டிய டேப், எங்கே நிற்பது என்று சொல்லிவிடும். கராத்தேக்கே உரிய அந்த அதட்டல் கூச்சல், சத்தம் தாங்காத பிள்ளையைக் காதைப் பொத்திக்கொண்டு மூலைக்கு ஓடவைக்கும். அதை விட்டுவிடலாம். கையைப் பிடித்துத் திருத்துவதற்கு முன் சொல்லிவிட்டுத் தொடுவது அவசியம். நிறப் பட்டைகள் இருக்கட்டும்: அடுத்த பட்டை எது என்பது பிள்ளைக்குத் தெளிவாகத் தெரியும்.

ஆனால் 30 பேரை வைத்து நடந்த ஓர் ஆய்வு உலகத்துக்கே சட்டமாகிவிடாது. கை உதறல் குறைந்தால் ஆட்டிசம் போய்விட்டது என்றும் ஆகாது. பதற்றத்தைத் தணிக்கவே சில பிள்ளைகள் கையை உதறுகிறார்கள். யாருக்கும் தொல்லையில்லையென்றால் அதை ஏன் தடுக்க வேண்டும் என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்களே கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பேச்சுப் பயிற்சியை நிறுத்திவிட்டுக் கராத்தேக்கு அனுப்புவது விபரீதம். ‘ஆறு மாதத்தில் குணமாக்கிக் காட்டுகிறேன்’ என்று சவால் விடும் மாஸ்டரிடம் பணம் கட்டுவதும்தான். பெற்றோர் உள்ளே உட்கார்ந்து பார்க்கலாமா, பிள்ளை அழுதால் என்ன செய்வீர்கள் என்று முதல் நாளே கேட்டுவிடலாம். பதில் சொல்லத் தயங்குகிறவரை விட்டுவிட்டு வேறு இடம் பார்க்கலாம்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வாரம் 4 நாள் வீதம் 14 வாரம் என்றால் 56 வகுப்புகள். வேலைக்கு லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி அழைத்துவரும் அம்மாவுக்கு அவை 56 நாட்கள். பள்ளியிலேயே, உடற்பயிற்சி நேரத்திலேயே இதை நடத்தினால் அவளுக்கு அந்த நாட்கள் மிஞ்சும்.