எல்லை கடக்கும் தொழில்: ஓசூர் தரும் சான்று

ஒரு தொழில் நிறுவனம் தன் நாட்டெல்லையை எப்போது, எவ்வழியில் கடக்கிறது? இவ்வினாவை ஆராய்வதே பன்னாட்டுத் தொழில்முனைவு என்னும் துறை. அரை நூற்றாண்டாக அறிஞர் அளித்துவந்த விடைகளைக் கருநாடக எல்லையில் அமைந்த ஓசூரில் வைத்துச் சோதித்துப் பார்க்கலாம்.

சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழக மரபைச் சேர்ந்த யான் யோகான்சனும் யான் எரிக் வால்னேயும் 1977-இல் படிநிலைக் கோட்பாட்டை முன்வைத்தனர். நிறுவனம் முதலில் உள்நாட்டில் வேரூன்றும்; பின்னர் மொழியாலும் வழக்கத்தாலும் நெருங்கிய நாடுகளில் முகவர் வழியே விற்கும்; பட்டறிவு பெருகிய பின்னரே அங்கே கிளையும் ஆலையும் நிறுவும். அதன் நடையைத் தாழ்த்துவது அயற்சந்தை பற்றிய அறியாமையே.

1994-இல் அமெரிக்க ஆய்வாளர்களான பெஞ்சமின் ஓவியட்டும் பாட்ரிசியா மெக்டூகலும் இதற்கு மாறான உண்மையை எடுத்துக்காட்டினர். சில நிறுவனங்கள் பிறக்கும்போதே பல நாடுகளின் வளங்களையும் சந்தைகளையும் நாடுகின்றன. அவற்றுக்குப் படிகள் இல்லை என்றனர்.

இதற்குச் சான்று தேடி ஓசூர் ஆலைகளுக்குள் நுழைய வேண்டியதில்லை. அவ்வூர் ரோஜாத் தோட்டங்களே போதும். கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள இப்பீடபூமியின் மிதவெப்பம் கொய்மலருக்கு உகந்தது. பசுமைக்குடில்களில் வளரும் வகைகள் பல ஐரோப்பாவில் உருவாக்கப்பட்டவை. காதலர் நாளான பிப்ரவரி 14 அன்று அயல்நாட்டுக் கடைகளில் மலர் விற்கவேண்டும் என்று நாள் கணித்துப் பல வாரங்களுக்கு முன்னரே கவாத்து செய்கின்றனர். பறித்த மலர் குளிரூட்டிய ஊர்தியில் பெங்களூரு வானூர்தி நிலையம் சேர்கிறது. இங்கே வளமும் சந்தையும் தொடக்கத்திலேயே எல்லை கடந்தவை.

டைட்டனின் வரலாறு வேறு. டாட்டா குழுமமும் தமிழக அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் இணைந்து 1984-இல் தொடங்கிய இந்நிறுவனம், பிரெஞ்சு நுட்பத்தைப் பெற்று ஓசூரில் கைக்கடிகாரம் செய்தது. வளம் அயலது, சந்தையோ உள்நாடு. 1990-களில் தன் பெயரிலேயே ஐரோப்பாவில் விற்க முனைந்து இழப்பைச் சந்தித்தது. உள்நாட்டில் ஈட்டிய நற்பெயர் கடல் கடந்து உதவவில்லை.

இத்தகைய இடர்களை விளக்கும் திருத்தத்தை யோகான்சனும் வால்னேயும் 2009-இல் தாமே செய்தனர். அயல்நாட்டான் என்பதைவிட, அங்குள்ள வணிகத் தொடர்பு வலைக்குப் புறத்தான் என்பதே பெருந்தடை என்றனர். வலைக்குள் இடம்பெற்றவருக்கே அறிவும் நம்பிக்கையும் கிடைக்கும்.

அவ்வலைக்குள் புகும் இரு வழிகளை ஓசூரின் இருசக்கர வாகன நிறுவனமான டிவிஎஸ் காட்டுகிறது. 1980-இல் டிவிஎஸ் 50 என்னும் மொபெட்டுடன் ஓசூரில் தொடங்கிய இவ்வாகனத் தொழில், 2013-இல் செருமானிய பிஎம்டபிள்யூவுடன் உடன்பாடு கண்டது. ஓசூரில் உருவான 310 வரிசை வண்டிகள் பிஎம்டபிள்யூ பெயர் தாங்கி, அதன் விற்பனையாளர் வழியே அயல்நாடு சென்றன. இது கூட்டாளியின் வலையில் சேர்ந்த வழி. 2020-இல் 1.6 கோடி பவுண்டுக்கு நார்ட்டன் என்னும் பழம்பெரும் பிரித்தானிய நிறுவனத்தை வாங்கியது, வலையில் ஓரிடத்தையே விலைகொடுத்துப் பெற்ற வழி.

இவ்வாலைகளைச் சுற்றியுள்ள சிறு பட்டறைகளிலேதான் ஆய்வுக்குரிய அடுத்த வினா பிறக்கிறது. பெருநிறுவனத்திற்கு ஓர் உதிரிபாகத்தைக் கடைந்து தரும் பட்டறை, துல்லியத்திலும் தரச்சான்றிலும் உலகச் சந்தையின் அளவுகோலுக்குக் கட்டுப்படுகிறது. எனினும் சுங்க ஆவணத்தில் அதன் பெயர் இராது. ஏற்றுமதியாளர் கணக்கிலும் வாராது. நிறுவனத்தைத் தனித்தனியே எண்ணும் ஆய்வு இதனைக் காணாது. உறவுகளை எண்ணும் ஆய்வே காணும்.

கொள்கை வகுப்போர்க்கும் இதில் பாடம் உண்டு. பட்டறையாளரை அயல்நாட்டுக் கண்காட்சிக்கு அனுப்புவதோடு நின்றால் அவர் புறத்தாராகவே திரும்புவார். அளவைக்கூடம், பொருளாய்வுக்கூடம், வரைவுத்திறன் ஆகியவற்றை ஓசூரிலேயே பெருக்கினால், ஒரே வாடிக்கையாளரைச் சாராமல் பல வலைகளில் இடம்பெறும் ஆற்றல் அவருக்கு வாய்க்கும்.