மக்காச்சோளச் சாராயமும் விசை மோட்டார் வண்டியும்

மோட்டார் வண்டிக்குரிய எரிபொருள் பூமிக்கு அடியிலிருந்துதான் கிடைக்க வேண்டுமென்பதில்லை. கரும்பு, மக்காச்சோளம், கோதுமை ஆகிய பயிர்களிலிருந்து வடிக்கப்படும் எத்தனால் என்னும் சாராயமும் யந்திரங்களை ஓட்டவல்லது. அதிலும், மிகுந்த வேகத்திற்கென்றே செய்யப்பட்ட விசை மோட்டார் வண்டிகளில் இச்சாராயம் பெட்ரோலைவிட அதிக பலத்தைத் தருகிறது. இவ்விஷயம் சீமான்களின் விளையாட்டைப் பற்றியதன்றோ எனக் குடியானவர்கள் கருதலாகாது. எந்த யந்திரத்திற்கு எத்தனால் உண்மையில் உகந்தது, எதற்கு உகந்ததன்று என்பதைப் பொறுத்தே இப்பயிர்களுக்குரிய புதிய கிராக்கி நிலைக்கும் அல்லது குன்றும்.

ஒரு டன் கரும்பின் சாற்றிலிருந்து சுமார் 70 லிட்டரும், ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 400 லிட்டரும் எத்தனால் கிடைக்கும். சர்க்கரை ஆலைகளில் மிஞ்சும் கழிவுப்பாகும் இதற்கு உதவும். தானியத்தில் மாவுச்சத்து மாத்திரமே சாராயமாக மாறுகிறது. புரதமும் கொழுப்பும் சக்கையில் தங்கிவிடுகின்றன. தானியத்தின் எடையில் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு இவ்விதம் மாட்டுத் தீவனமாகத் திரும்பி வருகிறது. பெட்ரோலுடன் எத்தனாலை மிகுதியாகக் கலந்து விற்கும் எரிபொருளுக்கு இ-85 என்று பெயர். பெயரில் 85 என்றிருப்பினும், அமெரிக்க ஐக்கிய நாட்டில் பருவத்திற்கும் இடத்திற்கும் ஏற்ப நூற்றுக்கு 51 முதல் 83 பங்கு வரையில் எத்தனால் இருக்கும். குளிர்காலத்தில் யந்திரம் எளிதாகக் கிளம்பும் பொருட்டுப் பெட்ரோலைக் கூட்டுவது வழக்கம்.

விசை மோட்டாரின் பலத்திற்குக் காரணமாயுள்ளது டர்போ என்னும் சாதனம். யந்திரத்திலிருந்து வெளியேறும் சூடான புகை ஒரு சிறு சக்கரத்தை நிமிஷத்துக்கு ஒரு லட்சம் சுற்றுக்கு மேலாகச் சுழற்றுகிறது. அதே அச்சில் மறுபுறம் பொருத்திய சக்கரம் வெளிக்காற்றை இழுத்து, நெருக்கி, சிலிண்டருக்குள் திணிக்கிறது. காற்று அதிகமாகச் செல்வதால் எரிபொருளையும் அதிகமாக எரிக்க முடிகிறது. ஆயின் நெருக்கப்பட்ட காற்று சூடேறும். அச்சூட்டில் பெட்ரோல், தீப்பொறி பற்றவைத்த பின் முறையாக எரிந்து முடியுமுன்னரே ஆங்காங்கே தானாக வெடிக்கும். சுத்தியால் தட்டுவது போன்ற சப்தத்துடன் நேரும் இக்குற்றம் நீடித்தால் பிஸ்டன் பழுதுபட்டு யந்திரமே கெட்டுவிடும். ஆதலால் பெட்ரோலில் ஓடும் யந்திரத்தில் டர்போவின் அழுத்தத்தை ஓர் அளவிற்கு மேல் உயர்த்தலாகாது.

எத்தனாலுக்கு இத்தட்டலைத் தடுக்கும் குணம் இயல்பாகவே உண்டு. தட்டலைத் தாங்கும் சக்தியை அளவிடும் ஆக்டேன் எண் சாதாரணப் பெட்ரோலுக்கு 91 முதல் 95 வரையில். எத்தனாலுக்கோ சுமார் 108. அன்றியும், ஒரு கிலோ எத்தனால் ஆவியாக மாறுங்கால் ஒரு கிலோ பெட்ரோலைப் போல் இரண்டு மடங்குக்கு மேற்பட்ட உஷ்ணத்தை உறிஞ்சுகிறது. அதே அளவு காற்றுக்கு எத்தனால் அதிகமாகச் செலுத்தப்படுவதால், சிலிண்டருக்குச் செல்லும் காற்று வெகுவாகக் குளிர்கிறது. மண்பானையின் மேற்புறத்தில் கசியும் ஈரம் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிரச் செய்வதற்கு ஒப்பானது இது.

இதன் பலன் அநுபவத்தில் கண்டதே. ஸ்வீடன் தேசத்து சாப் கம்பெனியார் 2005-ல் வெளியிட்ட 9-5 பயோபவர் என்னும் டர்போ வண்டியின் இரண்டு லிட்டர் யந்திரம் பெட்ரோலில் 150 குதிரைச்சக்தியும், இ-85-ல் 180 குதிரைச்சக்தியும் தந்தது. அத்தேசத்திலேயே கோனிக்செக் கம்பெனியார் 2019-ல் காட்சிக்கு வைத்த எஸ்கோ என்னும் விசை வண்டிக்குப் பெட்ரோலில் 1,280 குதிரைச்சக்தி, இ-85-ல் 1,600. மக்காச்சோளம் செழித்து விளையும் இண்டியானா மாகாணத்தில் நடைபெறும் இண்டியானாபொலிஸ் பந்தயத்திலும் 2007-ல் எத்தனால் எரிபொருளாக ஏற்கப்பட்டது. 2012-ல் அப்பந்தயத்தில் 2.2 லிட்டர் டர்போ யந்திரங்களும் இ-85-ம் வந்தன.

நன்மையைக் கூறுமிடத்துக் குறையையும் மறைக்கலாகாது. ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கிய எரிசக்தியில் மூன்றில் இரண்டு பங்கே ஒரு லிட்டர் எத்தனாலில் உண்டு. பெட்ரோல் ஒரு பங்குக்குக் காற்று 14.7 பங்கு எடையில் வேண்டும். எத்தனாலுக்கு 9 பங்கு போதும். ஆகவே இ-85-ல் ஓடும் வண்டிக்கு ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு அதிக எரிபொருளைச் செலுத்த வேண்டும். அதற்கேற்ற பெரிய பம்பும், தெளிப்பு முனைகளும், கலப்பின் அளவை அறிந்து யந்திரத்தைத் திருத்தும் கருவியும் இல்லாத வண்டியில் இ-85-ஐ ஊற்றினால், எரிபொருள் போதாமல் யந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறிப் பழுதாகும். டர்போவின் அழுத்தத்தை உயர்த்தாத சாதாரண யந்திரத்தில் பலம் பெரிதாகக் கூடுவதில்லை. லிட்டருக்கு ஓடும் தூரம் மாத்திரம் குறையும்.

எத்தனால் நீரை ஈர்க்கும். பெட்ரோலில் சிறிதளவே கலந்துள்ள எத்தனாலில் நீர் மிகுந்தால், சாராயமும் நீரும் பிரிந்து தொட்டியின் அடியில் தங்கிவிடும். பழைய ரப்பர்க் குழாய்கள் சிலவற்றை எத்தனால் ஊதச் செய்து கெடுக்கும். எனவே பெட்ரோலில் ஓடும் மருந்துத் தெளிப்பான், சிறு பம்பு ஆகியவற்றை நெடுநாள் நிறுத்தி வைக்குமுன் எரிபொருளை வடித்துவிடுவது நலம். டீஸல் யந்திரத்தில் எத்தனாலை ஒருபோதும் ஊற்றலாகாது. அவ்வகை யந்திரம் எரிபொருள் தானே பற்றுவதை நம்பி அமைந்தது. எத்தனாலோ அவ்விதம் எளிதில் பற்றாதது.

கலப்பின் அளவை அறிய ஓர் எளிய சோதனை உண்டு. கோடிட்ட கண்ணாடிக் குழாயில் 50 பங்கு நீரும் 50 பங்கு எரிபொருளும் விட்டு, மூடிக் குலுக்கி, அசையாமல் நிறுத்த வேண்டும். எத்தனால் நீருடன் சேர்ந்து கீழே இறங்கும். பெட்ரோல் மேலே நிற்கும். கீழ்ப்படலம் 50-லிருந்து 90-க்கு உயர்ந்தால், 50 பங்கு எரிபொருளில் 40 பங்கு, அதாவது நூற்றுக்கு 80, எத்தனால் என்று ஏறக்குறையக் கொள்ளலாம். தீக்கு அருகில் இதைச் செய்யலாகாது.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. எரிபொருளுக்குரிய எத்தனால் குடிப்பதற்குரியதன்று. அதில் வேறு பொருள்களைச் சேர்த்து உபயோகத்திற்கு ஒவ்வாததாகச் செய்திருப்பர். லைசென்ஸ் இன்றி அதை வடிப்பதும் குற்றமாகும். இவ்விரண்டையும் ஜனங்களுக்கு எடுத்துரைப்பது அவசியம்.

இனி, பயிரிடுவோர் சிந்திக்க வேண்டியது கிராக்கியின் நிலைமை. இந்தியாவில் 2003-ல் நூற்றுக்கு 5 என்று தொடங்கிய எத்தனால் கலப்பு 2022-ல் 10-ஐயும் 2025-ல் 20-ஐயும் எட்டியது. இவ்வளர்ச்சி கரும்புக்கும் மக்காச்சோளத்திற்கும் புதிய வழியைத் திறந்தது மெய்யே. ஆனால் சர்க்கரை குறையுமென்ற கவலையால் 2023 டிசம்பரில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் செய்வதை அரசாங்கத்தார் கட்டுப்படுத்தினர். 2024 ஆகஸ்டில் அக்கட்டு தளர்ந்தது. ஸ்வீடனில் பயோபவர் வண்டியைச் செய்த சாப் கம்பெனி 2011-ல் திவாலாயிற்று. வாங்குவோன் ஒருவனாயும், அவன் கொள்கை ஓர் உத்தரவில் மாறக்கூடியதாயும் இருக்குமிடத்து, நிலம் முழுவதையும் அவனுக்கென்றே பயிரிடுவது விவேகமன்று.

கரும்புக்கு நீர் அதிகம் தேவை. கிணற்றில் நீர் ஊறும் அளவையும், ஆலையின் கொள்முதல் ஒப்பந்தத்தையும், சக்கையைத் தீவனமாகத் திரும்பப் பெறும் வசதியையும் கணக்கிட்ட பிறகே பரப்பைக் கூட்டுதல் வேண்டும். புன்செயில் மக்காச்சோளத்துடன் பயறு வகைகளை மாற்றுப் பயிராக வைத்துக்கொள்பவன், எரிபொருள் விலை உயர்ந்தாலும் தாழ்ந்தாலும் நிலத்தின் சத்தையும் குடும்பத்தின் உணவையும் இழக்கமாட்டான்.