சொல்லும் சூழலும்

மக்கள் நாள்தோறும் வழங்கும் சொற்களில் வேடிக்கைக்கும் குறைவில்லை, ஆற்றலுக்கும் குறைவில்லை. இதனை அறிய அகராதியைப் புரட்ட வேண்டுவதில்லை. யாழ்ப்பாண நகரை அடுத்துக் கடனீரேரிக் கரையில் அமைந்துள்ள குருநகரில், முன்னாளில் கரையூர் என வழங்கிய அந்த மீனவர் ஊரில், ஒரு காலைப்பொழுது செவிகொடுத்து நின்றாலே போதும்.

தமிழகத்து விருந்தினர் ஒருவர் அங்கே நிற்கிறார் எனக் கொள்வோம். "இண்டைக்குக் கச்சான் பலம்" என்கிறார் கரையிலுள்ள முதியவர். கச்சான் என்றால் என்னவென்று விருந்தினர் பக்கத்தில் நிற்கும் சிறுவனைக் கேட்கிறார். அவனோ காகிதச் சுருளிலிருந்து வறுத்த நிலக்கடலையை எடுத்து நீட்டுகிறான். இருவரும் பிழை சொல்லவில்லை. யாழ்ப்பாணத்தில் நிலக்கடலையும் கச்சான். மேற்கிலிருந்து வீசும் காற்றும் கச்சான். "ஐயா, இருந்து கதையுங்கோ" என்று ஒரு வீட்டார் அழைக்க, தமக்குக் கதை சொல்ல வராதே என்று அவர் தயங்குகிறார். பேசுவதையே அவ்வூரார் கதைத்தல் என்பர்.

ஊருக்கு ஊர் மட்டுமன்றித் தொழிலுக்குத் தொழிலும் பொருள் மாறுவதுண்டு. ஒரு கூட்டத்தார் தமக்குள் வழங்கும் சொல்லை நன்னூல் குழூஉக்குறி என்னும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது அதற்கு உரையாசிரியர் காட்டும் உதாரணம். மீனவருக்கோ பறி என்பது மீன் இடும் ஓலைக்கூடை. பூந்தோட்டத்தில் நிற்பவருக்கு அது கொய்தல். வழிப்போக்கருக்கு அது கொள்ளை!

'பாடு' என்னும் சொல்லையும் நோக்குக. "பாடு எப்படி?" என்று கரைக்கு வந்த வள்ளத்தாரை வினவினால், அகப்பட்ட மீனின் அளவையே அவர் கூறுவார். அம்மீனுக்காக இரவெல்லாம் அவர் பட்ட துன்பமும் பாடுதான். பெரிய வெள்ளியன்று தேவாலயத்தில் அதே மனிதர் முழந்தாளிட்டுக் கேட்பது இயேசுபிரானின் பாடுகளை. ஒரே சொல் வயிற்றையும் உழைப்பையும் வழிபாட்டையும் தொட்டு நிற்கிறது. எப்பொருளில் வந்தது என்பதை இடமும் வேளையுமே காட்டிக்கொடுக்கின்றன.

இனி, சொல்லின் ஆற்றலைக் காண்போம். கடலுக்குப் புறப்படுபவர் வீட்டில் "போறன்" என்று சொல்லமாட்டார். "போட்டு வாறன்" என்பார். வழியனுப்புவோரும் "எங்கே போகிறாய்?" என்று கேளார், "தூரமோ?" என்பதோடு அமைவர். செத்தாரைத் துஞ்சினார் என்பதை மங்கலம் என நன்னூலார் வகுத்தாரன்றோ? அந்த மரபின் உயிர்ப்பே இது. ஒரு சொல் காற்றை அடக்குமா என்று கேட்கலாம். அடக்காது. ஆயினும், வாசலில் நிற்கும் மனைவிக்கும் மக்களுக்கும் இரவெல்லாம் துணையாயிருப்பது 'வாறன்' என்னும் அந்த ஒரு சொல்லே. விவரமறியாது "எங்கே?" எனக் கேட்டுவிட்ட விருந்தினர் தீங்கு நினைத்தவரல்லர், எனினும் அவ்வீட்டார் முகம் வாடுகிறது.

ஆகவே, சொல்லின் பொருள் சொல்பவரிடம் மட்டும் இருப்பதன்று. பாதி கேட்பவரிடம் இருக்கிறது. பொருள் மாறி உணரப்படும்போது சிரித்துத் திருத்திக்கொள்ளலாம். மனம் நொந்தபோது அவ்வாறு எளிதில் திருத்த இயலாது. கேட்பவரின் ஊரையும் தொழிலையும் அச்சத்தையும் அறிந்து பேசுவதே பேச்சறிவு. குருநகர்க் கரையில் எழுத்தறியா முதியவருக்கும் அது கைவந்திருக்கிறது.