கீழையூர்ச் சேற்றில் நின்ற மரம்

பூம்புகார்க் கடற்கரைக்கு வண்டி பிடித்துப் போகிறவர்களில் பலர் வழியில் கீழையூரில் நிற்பதில்லை. நிற்கிறவர்களும் பழைய செங்கல் கட்டு ஒன்றைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கிளம்பிவிடுகிறார்கள். சோழர் துறைமுகத்தை நடந்தே பார்ப்பதென்றால் தொடங்க வேண்டிய இடம் இதுதான். சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்குப் பிறகு போய்க்கொள்ளலாம்.

இந்தியத் தொல்லியல் துறை 1960-களில் இங்கே தோண்டியபோது, பெரிய பெரிய செங்கற்களால் கட்டிய படகுத்துறை வெளிப்பட்டது. அதை ஒட்டிச் சேற்றில் ஊன்றிய மரத்தூண்களும் கிடைத்தன. படகுகளைக் கட்டிவைக்க நட்டவை என்பது ஆய்வாளர்களின் கணிப்பு.

செங்கல் தாக்குப்பிடித்ததில் வியப்பில்லை. மரம் எப்படித் தப்பியது? கொல்லையில் நட்ட வேலிக்காலே சில மழைக்காலங்களுக்குள் இற்றுவிடுகிறது. கறையானுக்கும் பூஞ்சைக்கும் காற்று வேண்டும். நீர் ஊறிய களிமண்ணுக்குள் ஆக்சிஜன் அநேகமாகப் போவதே இல்லை. அங்கே பிழைக்கும் சில பாக்டீரியாக்கள் மட்டும் மரத்தின் செல்லுலோஸை மிக மெதுவாகத் தின்னும். தின்ற இடத்தில் தண்ணீர் புகுந்துகொள்ளும். உருவம் அப்படியே இருக்கும், உள்ளே வலு இருக்காது. வெளியே எடுத்து வெயிலில் போட்டால் சுருங்கி வெடித்துவிடும். கீழையூரில் தோண்டிய அதே காலத்தில் சுவீடனிலும் இதே தலைவலிதான். 1628-இல் முதல் பயணத்திலேயே மூழ்கிய வாசா போர்க்கப்பலை 1961-இல் மேலே தூக்கினார்கள். மரத்துக்குள் இருந்த தண்ணீரின் இடத்தில் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற மெழுகுப் பொருளை ஏற்றுவதற்காக 17 ஆண்டுகள் தெளித்துக்கொண்டே இருந்தார்கள்.

மரம் கிடைத்ததால் காலக்கணக்கும் கிடைத்தது. உயிருள்ள மரம் காற்றிலிருந்து கார்பன்-14 அணுக்களை வாங்கிக்கொண்டே இருக்கும். வெட்டியதும் வரவு நின்றுபோய், கையிருப்பு கரையத் தொடங்கும். 5,730 ஆண்டுகளில் பாதியாகும். கீழையூர் மரத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு மிச்சம். அதை வைத்துத்தான் கி.மு. 3 அல்லது 4-ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். ஒரு நூற்றாண்டு முன்பின்னாக இருக்கலாம். மேடைப் பேச்சுகளில் இந்த முன்பின் காணாமல் போய்விடுகிறது. ஆய்வகம் சொல்வது மரத்தின் வயதை, துறையின் வயதை அல்ல. யாரோ பழைய வீட்டு உத்தரத்தைக் கொண்டுவந்து இங்கே நட்டிருந்தால், கிடைப்பது உத்தரம் வெட்டப்பட்ட காலம்தான்.

சரி, இந்தத் துறைக்கு வந்த கலங்களைக் கட்டிய இடம் எங்கே? கீழையூரில் தெரிவது படகை அணைத்து நிறுத்தும் துறை மட்டுமே. சோழமண்டலக் கரையின் மசூலா படகுகள் ஆணி இல்லாமல், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியவை. அலை மோதும்போது உடையாமல் நெகிழ்ந்துகொடுக்கும். இப்படிப்பட்ட படகு கட்ட மணல்மேடும் நிழலும் கயிறும் தச்சர்களும் போதும். கட்டி முடித்துக் கடலில் தள்ளிவிட்டால், தோண்டியெடுக்க அங்கே என்ன இருக்கும்? கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கையேடான பெரிப்ளஸ், இந்தக் கரையில் ஒற்றை மரங்களைச் சேர்த்துப் பிணைத்த 'சங்கரா' என்ற பெரிய கலங்கள் இருந்ததைக் குறிப்பிடுகிறது. அவற்றைக் கட்டிய களத்துக்குச் செங்கல் சாட்சியை எதிர்பார்ப்பது வீண் என்றே நினைக்கிறேன்.

இனி காவிரி முகத்துவாரம் வரை நடக்கலாம். பெருங்கலங்கள் பாயை இறக்காமலே புகாருக்குள் நுழைந்ததாகப் புறநானூற்றின் 30-ஆம் பாடல் சொல்கிறது. இன்றைய காவிரி அதற்கு லாயக்கில்லை. முக்கொம்பில் கொள்ளிடம் பிரிகிறது. கல்லணையில் வெண்ணாறும் கல்லணைக் கால்வாயும். அதற்குக் கீழே குடமுருட்டி, அரசலாறு, வீரசோழன். நெல்லுக்குப் பாய்ந்தது போக மிச்சம்தான் பூம்புகாருக்கு வருகிறது.

அன்றைக்கு ஆற்றின் ஆழம் எப்படி இருந்தது என்று பார்க்கக் கட்டடத்தைத் தோண்டினால் போதாது, சுற்றியுள்ள வயல்களில் குழாய் இறக்கி அடிமண்ணை எடுக்க வேண்டும். பருமணல் வந்தால் வேகமாக ஓடிய ஆறு. நுண்ணிய களிமண் வந்தால் தேங்கிய நீர். அந்தக் களிமண்ணிலேயே உவர்நீர்ச் சிப்பிகளும் ஃபொராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் ஓடுகளும் கலந்திருந்தால், கடல் ஓதம் கீழையூர்த் துறைவரை ஏறி இறங்கிய கழிமுகம்.